எத்தனையாவது வரி

மார்ச்சில் வந்தது முதல் மடல்.
ஸ்டெய்ன்வோர் என்று ஒருத்தி.
ஐஸ்லாந்தின் வடகரையில்
ஆட்டுப் பதிவேட்டு அலுவலகத்தில் வேலையாம்.
ஒரு லட்சத்துப் பதினோராயிரம் ஆடுகளை
எங்கள் தரவுத்தளத்தில் ஏற்றப் பார்த்தாளாம்.
"தேதி தவறு" என்று சொல்லி
அத்தனையையும் திருப்பித் துப்பிவிட்டதாம்.
எந்த ஆடு, எத்தனையாவது வரி,
மூச்சில்லை.
மொட்டைக் கடிதாசி போல:
குற்றம் உண்டு, முகவரி இல்லை.

வரி எண்ணையும் சொல்ல வைத்திருக்கிறேன், பாருங்கள் என்று
இருநூற்றுச் சொச்சம் வரி நிரலை இணைத்திருந்தாள்.

நான் ஓலமோட்ஸ் டிராம் பணிமனையில்
கால அட்டவணை போடுகிறவள்.
இரவு ஒன்பதுக்கு மேல், சம்பளமில்லாமல்,
அந்தத் தரவுத்தளத்தின் ஒரு மூலைக்குக் காவல்.
கோப்புகள் உள்ளே நுழையும் வாசல் என் பொறுப்பு.
பதினோரு வருஷத்தில் நிறையப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
"வேகம் குறையும்" என்று எழுதினேன்.
எழுதிவிட்டு சூப்பைச் சுடவைக்கப் போனேன்.

மே மாதம் மறுபடி வந்தாள்.
குட்டி போடும் பருவம், தொழுவத்தில் ராக்காவல்,
இரண்டு ஈற்றுக்கு நடுவில் அளந்து பார்த்தேன் என்று
ஒரு பட்டியல்.
ஒரு கோடி வரிக்கு நாற்பது மில்லி செகண்ட்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஆகவே காலியிடங்களைப் பற்றிப் பேசினேன்.
எட்டாம் வரியின் வாலில் ஒரு வெற்றிடம்.
சோதனைக்கு வைத்த பெயர் சரியில்லை.
கையேட்டில் ஒரு பத்தி வேண்டும்.
திருத்தினாள்.
அந்தப் பத்தியில் ஒரு காற்புள்ளி என்றேன்.
அதையும்.

ஆகஸ்ட் கடைசி நாள், நள்ளிரவு.
விடிந்தால் பள்ளிகள் திறக்கும், புது அட்டவணை ஓட வேண்டும்.
எங்கள் பணிமனைக் கோப்பு ஏறவில்லை.
"தேதி தவறு."
அறுபதாயிரம் புறப்பாடுகள்.
ஓத்தகார் கண்ணாலேயே மேய ஆரம்பித்தான்,
பிறகு கோப்பைப் பாதியாகப் பிளந்தான்,
பாதியில் பாதியை,
எந்தப் பாதி எது என்று மறந்து
முதலிலிருந்து தொடங்கினான்.

நான் அவனுக்குச் சொல்லவில்லை.
ஏற்காமலும் மறுக்காமலும்
மாதக்கணக்காகத் தொங்கவிட்டிருந்த அவள் நிரலை
என் கணினியில் சேர்த்து ஓடவிட்டேன்.

"தேதி தவறு. வரி 41,306."

போய்ப் பார்த்தேன்.
நான்காம் எண் டிராம், கடைசி வண்டி,
செப்டம்பர் முப்பத்தொன்று.
அந்த ஒரு தடத்தை மட்டும்
போன வாரம் கையால் தட்டிச் சேர்த்தது
நான்.

"எப்படிக் கண்டுபிடித்தாய்?"
"ஆடு மேய்க்கிற ஒருத்தி சொன்னாள்."
ஓத்தகாருக்குச் சிரிக்கத் தெம்பில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு போனான்.

அந்த வாரம் உட்கார்ந்து வெட்டினேன்.
வெட்டும்போதுதான் கவனித்தேன்:
வரிகளை எங்கள் வாசல்
முன்பே எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
யாரும் கேட்கவில்லை, அது சொல்லவில்லை.
பதினோரு வருஷம் அதே வாசலில் உட்கார்ந்திருந்தேன்.
அவள் தனியாக எண்ணியதெல்லாம் வேண்டாம்,
வாயைத் திறந்துவிட்டால் போதும்.
இருநூறு போய்ப் பத்தொன்பது நின்றது.
ஆட்டுக்கு வால் அளந்துதானே.

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
"இதுதான் சரி.
மலையிலிருந்து ஆடுகளை இறக்கப் போகிறேன்,
ஒரு வாரம் கிடைக்க மாட்டேன்" என்றாள்.

நவம்பரில் சேர்த்துக்கொண்டோம்.
புதிய பதிப்பின் குறிப்பில் அவளுக்கு ஒரு வரி,
நூற்று ஐம்பது வரிகளுக்கு நடுவே,
பெயரைத் தப்பாக எழுதியிருந்தேன்.
அவள் 'ஓ'வின் தலையில் இரண்டு புள்ளி உண்டு.
என் குடும்பப் பெயரின் தலைக் கொக்கியை
ஊர் ஊராக உதிர்த்துவிட்டு வருகிறவள் நான்,
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் வந்தது
அவளுடைய இரண்டாவது பங்களிப்பு:
இரண்டு புள்ளி.
விளக்கம் கிடையாது, வருத்தம் கிடையாது.
வாலில் வெற்றிடம் ஏதாவது இருக்கிறதா என்று
பழக்கதோஷத்தில் தேடினேன்.
இல்லை.